பத்து ஆண்டுகளுக்கு மாறாது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்: நிலையாமையைப் பேசும் படைப்புக்கு உத்தரவாதம் தரலாமா?

அல்சூர்வாசி (கேள்வி)

வணக்கம். பெங்களூரில் அல்சூர்ப் பகுதியில் வசிக்கும் ஓவியர் நான். தூரிகையை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டு, கைக்குக் கிடைக்கும் பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலப்பு ஊடகப் படைப்புகளில்தான் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். தற்போது முடித்திருக்கும் வரிசை முழுவதும் தன்னுருவப் படங்கள். கண்ணாடியைப் பார்த்து வரைவதற்குப் பதிலாக, நான் நடமாடியதற்கு வெளியுலகம் கொடுத்த அத்தாட்சிகளை வைத்தே என் முகத்தைக் கட்டியிருக்கிறேன். மருந்துக்கடை ரசீது, நடத்துநர் இயந்திரத்திலிருந்து கிழித்துக் கொடுத்த பயணச்சீட்டு, ஏ.டி.எம். துண்டுச்சீட்டு, மருத்துவமனை டோக்கன் ஆகியவற்றை அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துணியின்மீது மைதாப் பசையால் ஒட்டி, அவற்றின் மேல் மஞ்சள் கரைசலால் நிழல் கொடுத்து, கூந்தல் வரவேண்டிய இடத்தில் சீப்பில் சிக்கிய என் முடியையே ஊசியில் கோத்துத் தைத்திருக்கிறேன்.

இந்த ரசீதுகள் மங்கும் என்று தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். ஒரு படத்தில் இடது கன்னத்தில் இருக்கும் மருந்துச் சீட்டு ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டது. கடையின் பெயரும், வாங்கியவர் பெயர், தேதி என்று போட்டிருக்கும் கட்டங்களும் பளிச்சென்று இருக்கின்றன. கட்டத்துக்குள் இருந்த என் பெயர் மட்டும் சாம்பல் நிறமாகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. எனக்கு வேண்டியது இதுதான். என் இருப்பைச் சொல்லவந்த தாள்கள் ஒவ்வொன்றாக என்னைக் கைவிடும்போது அந்த முகம் யாருடையதாக இருக்கும் என்பதே இந்த வரிசையின் கேள்வி.

சிக்கல் விற்பனையில் வந்திருக்கிறது. இங்குள்ள ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் படங்களைப் பார்த்த ஒருவர் மூன்றை வாங்க விரும்புகிறார். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு நிறமும் எழுத்தும் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது என்று நான் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும் என்கிறார். ரெசின் ஊற்றிவிடலாமே, வார்னிஷ் அடிக்கலாமே, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடலாமே என்று அவரே வழிகளும் சொல்கிறார். காட்சிக்கூடத்தை நடத்துபவரோ, எழுதிக் கொடுத்துவிடுங்கள், பத்து ஆண்டுகள் கழித்து யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறைவதைப் பற்றிய படைப்பை மறையாமல் பூட்டிவைத்தால் நான் எழுதிய கலைக்குறிப்பு பொய்யாகிவிடும். மறையவிட்டாலோ, பணம் கொடுத்தவர் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ரசீதுகளை நகலெடுத்து ஒட்டிவிட்டு அசல்களைத் தனியே வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன். பொருள்களின் தன்மை தெரிந்தவர்களும், இப்படிப்பட்ட படைப்புகளைச் செய்தவர்களும் வாங்கியவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராமபாணம்

காகிதத்தையும் துணியையும் செப்பனிட்டுப் பாதுகாக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கலை குறித்த விவாதத்தை மற்றவர்கள் நடத்தட்டும். உங்கள் படங்கள் ஒரே சீராக மங்கப்போவதில்லை. ஒரே சட்டகத்துக்குள் இருக்கும் ரசீது, மஞ்சள், துணி, பசை, முடி ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் மாறும். பத்து ஆண்டு உத்தரவாதம் என்ற பேச்சு அர்த்தமற்றுப் போவது இங்கேதான்.

உங்கள் ரசீதுகள் அச்சாகியிருக்கும் தெர்மல் தாளில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற ஒரு சாயமும், அதற்கு நிறத்தை வரவழைக்கும் அமிலத்தன்மையுள்ள வேதிப்பொருளும் அருகருகே இருக்கின்றன. இயந்திரத்தின் சூடான முனை படும் இடத்தில் இவை உருகிக் கலந்து கறுக்கின்றன. அந்தச் சேர்க்கை உறுதியானதன்று. வெளிச்சமோ ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ, பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள்களோ பட்டால் அது கலைந்து, எழுத்து வெளிறிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பி.வி.சி. உறையில் போட்டுவைத்த ரசீது விரைவாக வெளிறிப்போவதற்கும் இதுவே காரணம். உங்கள் பெயர் மறைந்து கட்டம் மறையாமல் இருப்பதும் இதனால்தான். கடைப் பெயரும் கட்டங்களும் தாள் சுருளிலேயே சாதாரண அச்சு மையால் முன்கூட்டி அடிக்கப்பட்டவை. நீங்கள் வாங்கிய அன்று சூட்டால் எழுதப்பட்டது உங்கள் பெயர் மட்டும்.

வாங்க வருபவர் சொல்லும் பாதுகாப்புகள் இந்தப் படங்களை உடனடியாகக் கெடுத்துவிடும் என்பதை அவருக்குப் புரியவையுங்கள். சட்டகம் போடுபவர்கள் பலர், தாளைச் சூட்டு அழுத்த இயந்திரத்தில் வைத்து அட்டையோடு ஒட்டுவார்கள். அந்தச் சூட்டில் ரசீதின் வெள்ளைப் பகுதியும் கறுத்துவிடும். ஸ்பிரிட் கலந்த வார்னிஷும் அதே விளைவைத் தரும். கை துடைக்கும் சானிடைசர் ஒரு சொட்டை வேண்டாத ரசீதின்மீது விட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். எப்பாக்சி ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும், நாளடைவில் மஞ்சளிக்கவும் செய்யும்.

மஞ்சள் இன்னும் பலவீனமானது. அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெளிச்சத்தில் மிக விரைவாகச் சிதையும் சாயங்களுள் ஒன்று. புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி சிதைவைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதை வெளுக்கச் செய்யும். காகிதம், நீர்வண்ணம், சாயத்துணி போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் ஒளிதான் விடுகின்றன. நம் வீடுகளில் ஜன்னலை ஒட்டிய சுவரில் பகல் வெளிச்சம் ஆயிரம் லக்ஸைத் தாண்டுவது சாதாரணம். ஒளியால் ஏற்படும் சேதம் கூடிக்கொண்டே போகும். திரும்ப இருட்டில் வைத்தால் போன நிறம் வராது. இன்னொரு விஷயத்தைச் சட்டகக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். பாதுகாப்புக்கென்று விற்கப்படும் அமிலமற்ற அட்டைகள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்துக் காரத்தன்மை ஏற்றியிருப்பார்கள். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி நீர் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் ஊறினால் உங்கள் நிழல்களும் அந்தத் திசையில் போகக்கூடும். ஆகவே காரம் சேர்க்காத அமிலமற்ற அட்டை என்று கேட்டு வாங்குங்கள். முடிக்கும் அதுவே நல்லது.

இவ்வளவையும் உங்கள் கலைக்குறிப்பில் சொல்லியிருக்கும் மறைதல் என்ற கணக்கில் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மைதாப் பசையை அந்தக் கணக்கில் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை பெங்களூர்ச் சுவர்கள் ஈரம் கோக்கும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை தொற்றும். பூஞ்சை வராவிட்டாலும் கரப்பானும், நான் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ராமபாணப் பூச்சியும் மைதாவைத் தேடி வரும். ரசீதில் எழுத்து மறைவது நீங்கள் எடுத்த முடிவு. ரசீதில் பூச்சி ஓட்டை போடுவது நீங்கள் முடிவெடுக்காமல் விட்டது. ஒன்றைச் சிந்தனை என்றும் மற்றொன்றைக் கவனக்குறைவு என்றும்தான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது கெரட்டின் என்ற புரதம். உலர்ந்த இடத்தில் வைத்தால் அதன் ஆயுள் நம் கணக்குக்கெல்லாம் அடங்காது. எகிப்திய மம்மிகளின் தலையில் முடி இன்னும் இருக்கிறது. உங்கள் படத்தில் கடைசியாக எஞ்சப்போவது அதுதான்.

மாட்டுங்கா ஓவியர்

ராமபாணம் ஐயா கடைசியாகச் சொன்ன செய்தியை அல்சூர்வாசி எளிதாகக் கடந்துபோய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். முடி என்றால் உதிர்வது, அழிவது என்ற எண்ணத்தில்தான் நீங்கள் அதைத் தைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உண்மையில் உங்கள் உடலிலிருந்து வந்த பொருள் நிற்கப்போகிறது. கடையும் வங்கியும் மருத்துவமனையும் உங்களுக்குக் கொடுத்த அத்தாட்சி போகப்போகிறது. நீங்கள் எழுதியிருக்கும் கலைக்குறிப்பைவிட இது வலுவான படைப்பு. உங்கள் ஊரிலேயே வாழும் ஷீலா கவுடா 2009ஆம் ஆண்டு, ஈராண்டு இடைவெளிக் கலைக் காட்சிகளுக்கெல்லாம் தாயான வெனிஸ் பியனாலேயில் வைத்த படைப்பில், கோயில்களில் காணிக்கையாகச் செலுத்தப்பட்ட முடியைத் திரித்த கயிறுகளில் கார்களின் எஃகு பம்பர்களைத் தொங்கவிட்டிருந்தார். பலவீனமானது என்று நாம் நினைக்கும் பொருள் பாரத்தைத் தாங்கி நிற்பதை அதைப் பார்த்தவர்கள் உணர்ந்திருப்பார்கள். உங்கள் தையலுக்கும் அந்தத் திடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உத்தரவாதம் என்ற சங்கடம் புதியதன்று. லேடெக்ஸ் ரப்பரிலும் கண்ணாடியிழையிலும் வேலை செய்த ஈவா ஹெஸ், அந்த ரப்பர் நிலைக்காது என்பதை அறிந்தே பயன்படுத்தினார். இறந்துபோன 1970ஆம் ஆண்டில் கொடுத்த ஒரு நேர்காணலில், படைப்பை வாங்க வருபவர்களை எண்ணிக் கொஞ்சம் குற்றவுணர்வு ஏற்படுகிறது என்றும், இது நீடிக்காது என்று அவர்களுக்குக் கடிதம் எழுதிவிடலாம் போலிருக்கிறது என்றும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 34. 1969இல் அவர் செய்த பெரிய படைப்பொன்றின் ரப்பர் துணிகள் விறைத்துக் கருத்துப்போய், நீண்டகாலம் வெளியே எடுக்க முடியாத நிலையில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கிடந்தன. செப்பனிட்டு 2022இல்தான் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். அவர் எண்ணிய கடிதத்தை நீங்கள் எழுதுங்கள் என்பதே என் யோசனை.

ஜோயி லெனர்ட் இன்னும் தெளிவாக முடிவெடுத்தார். எய்ட்ஸ் நோயால் நண்பர்களை இழந்த காலத்தில், தின்று முடித்த பழங்களின் தோல்களை நூலாலும் பொத்தான்களாலும் ஜிப்பாலும் தைத்துச் சேர்த்தார். அழுகலைத் தடுத்து நிறுத்த முடியுமா என்று ஒரு பாதுகாப்பு வல்லுநரை அணுகினார். வல்லுநர் பாடுபட்டு வழியும் கண்டுபிடித்தார். அதைப் பார்த்த பிறகு லெனர்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அந்தத் தோல்களை, அவை சுருங்கிப் பொடிவதற்கு ஒப்புக்கொண்டே வாங்கியது. தடுக்க வழியில்லாமல் விட்டதற்கும், வழியைக் கையில் வைத்துக்கொண்டு மறுத்ததற்கும் எவ்வளவு வேறுபாடு என்று எண்ணிப் பாருங்கள்.

தன்னுருவம் என்று வரும்போது மார்க் குவின் 1991இல் செய்த தலைச்சிலையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தன் இரத்தத்தையே ஏறக்குறைய நாலரை லிட்டர் சேமித்து, தலையின் அச்சில் ஊற்றி உறையவைத்தார். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய தலை செய்வது அவர் வழக்கம். குளிரூட்டும் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் தலை உருகிவிடும். எனக்கு அதைவிட ஜெனின் அன்டோனி 1993இல் செய்தது பிடிக்கும். தன் மார்பளவுச் சிலைகளைச் சாக்லெட்டிலும் சோப்பிலும் வார்த்து, சாக்லெட் முகத்தை நக்கியும் சோப்பு முகத்தைக் குளிப்பாட்டியும் தேய்த்தார். முகம் தேய்ந்ததற்குக் காரணம் அவருடைய கையும் நாவும். குவினின் சிலை மின்வெட்டுக்கு அஞ்சுகிறது. அன்டோனியின் சிலை எதற்கும் அஞ்சவில்லை.

நம் நாட்டில் நளினி மலானி 1992இல் மும்பையின் கெமோல்டு காட்சிக்கூடத்துச் சுவர்களின்மீது நேரடியாக வரைந்தார். காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்து அழித்துவிட்டார்கள். நாத்துவாராவின் பழைய சுவரோவியங்கள் கேட்பாரற்று அழிந்துகொண்டிருந்ததற்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது. அழிவுக்கு அங்கே ஒரு முகவரி இருந்தது. நிலையாமை என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு திரியும் காட்சிக் குறிப்பேடுகளில் எனக்குச் சலிப்புத் தட்டுவது அந்த முகவரி இல்லாததால்தான். உங்களுடையதில் இருக்கிறது, அது அந்த மருந்துச் சீட்டு.

யாராவது இங்கே கோலத்தை உதாரணமாகக் கொண்டுவருமுன் நானே சொல்லிவிடுகிறேன். கோலம் அழிகிறது என்பது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் அதே வாசலில் இன்னொன்று விழுகிறது. நிற்பது கையின் பழக்கம். உங்கள் ரசீதுகளை மீண்டும் போட முடியாது. ஆகவே கோலத்தின் ஆறுதலை உங்கள் படத்துக்குக் கடன் வாங்காதீர்கள்.

நகலெடுத்து ஒட்டும் யோசனையைக் கைவிடுங்கள். நகல் இயந்திரத்தின் கரித்தூள் எழுத்து தாள் உள்ளவரை நிற்கும். அப்படி ஒட்டினால் ரசீதுகளைப் பற்றிய படமாகிவிடும், உங்களைப் பற்றியதாக இருக்காது. அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். அதே சேலையின் மிச்சத்தில், அதே பொருள்களால் ஒரு சிறிய படத்தைச் செய்து மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். எழுத்தும் மஞ்சளும் முற்றிலும் போனபின் எஞ்சுவதை எடுத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள். அதுவும் பார்க்கத் தகுந்த முகமாக இருந்தால் விற்கலாம். வெறும் அழுக்குத் தாளாக இருந்தால், நீங்கள் தொடக்கத்தை மட்டும் செய்திருக்கிறீர்கள், முடிவைச் செய்யவில்லை என்று பொருள். துணி வெட்டு, தையலின் கனம், முன்பே அச்சான கட்டங்கள் எங்கே வரவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கடைசி நிலையை மனத்தில் வைத்து மாற்றியமைக்க வேண்டியவை.

வாங்கியவன்

கலைஞர்கள் பக்கம் பேச நிறையப் பேர் இருக்கிறீர்கள். பணம் கொடுப்பவன் பக்கத்திலிருந்து சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கலப்பு ஊடகப் படைப்பை வாங்கி வீட்டில் மாட்டியபின் மழைக்காலத்தில் அதன் ஒட்டுகள் பெயர்ந்து விழுந்தன. விசாரித்தபோது, காலம் படைப்பில் பங்கெடுக்கிறது என்று பதில் வந்தது. வாங்கும்போது இந்தப் பங்காளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் படத்தில் பெயர் மறையும் என்று முன்பே சொன்னால் நான் அதற்காகவே வாங்குவேன். நாள்தோறும் காலையில் காபி குடிக்கும்போது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பேன். மறைத்து விற்றால் ஒரு எழுத்து மங்கினாலும் சண்டைக்கு வருவேன். பத்து ஆண்டு உறுதி கேட்பவர் உங்களுக்கு எதிரி இல்லை. அவர் என்ன வாங்குகிறார் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். விலையைக் குறைக்காதீர்கள். மங்கும் பொருள் என்பதால் தள்ளுபடி கொடுத்தால், குறையுள்ள சரக்கு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கரோல்பாக் கருப்புக்கோட்டு

தில்லியில் வழக்குத் தொழில் செய்யும் தமிழன் நான். பொதுவான தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடுமுன் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

முதலாவது, பத்து ஆண்டுகளுக்கு மாறாது என்ற வாசகத்தில் எந்தக் காரணம் கொண்டும் கையெழுத்திட வேண்டாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 12ஆம் பிரிவில் நிபந்தனை, உத்தரவாதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. உத்தரவாதம் மீறப்பட்டால் நட்டஈடு கோரலாம். நிபந்தனை மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதித் தரும் வரி இவற்றுள் எதுவாகக் கருதப்பட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். மாறும் என்று தெரிந்துகொண்டே மாறாது என்று எழுதுவது அதைவிடப் பெரிய வம்பு. யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று சொல்பவர் அந்தத் தாளில் கையெழுத்திடப் போவதில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இரண்டாவது, வாங்கியவர் பின்னாளில் தானே ரெசின் ஊற்றிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி வரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பை விற்ற பின்னும் ஆசிரியருக்குச் சில தனியுரிமைகளை விட்டுவைக்கிறது. படைப்பைத் திரித்தோ சிதைத்தோ மாற்றியோ ஆசிரியரின் மதிப்புக்கும் நற்பெயருக்கும் ஊறு விளைவித்தால் அவர் தடை கோரலாம், நட்டஈடும் கோரலாம். விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்ட அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்ப வழக்கில், 2005ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கவும் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவின் அடிப்படையில்தான். இதை நம்பி மட்டும் இருந்துவிடாதீர்கள். பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடம் 2017இல் இடிக்கப்பட்டபோது அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கில், நில உரிமையாளரின் உரிமைக்கு முன்னால் இந்த உரிமை நிற்காது என்று அதே நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. படத்தை நல்ல இடத்தில் மாட்டவில்லை, காட்சிக்கே வைக்கவில்லை என்பதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று 57ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது.

உங்கள் வழக்கில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சட்டம் படைப்பை மாற்றுவதிலிருந்து காக்கிறது. உங்களுக்கோ அது மாறுவதைத் தடுப்பதிலிருந்து காப்பு வேண்டும். நீதிமன்றம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று ஊகிக்க வேண்டிய நிலையை உருவாக்காமல், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எவை மாறும், அந்த மாற்றம் படைப்பின் பகுதியே, வாங்கியவர் எந்தப் பூச்சும் பூசக் கூடாது, மறுவிற்பனை செய்தால் இந்த ஆவணமும் உடன் போக வேண்டும் என்ற நான்கு செய்திகள் போதும். 1991இல் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ் தன் துணைவரின் நினைவாகச் செய்த மிட்டாய்க் குவியலைப் பார்வையாளர்கள் எடுத்துத் தின்றுகொண்டே இருப்பார்கள். 175 பவுண்டு என்ற எடைக்கு மீண்டும் நிரப்பலாம். அங்கே கைமாறுவது மிட்டாய் இல்லை, உரிமையும் விதிமுறையும் எழுதிய தாள்தான். அப்படியொரு தாளைக் கேட்பது வாங்குபவர்களுக்கு இன்று புதுமையாகத் தோன்றாது.

அல்சூர்வாசி

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாட்டுங்கா ஓவியர் சொன்னபடி ஒரு சிறிய படத்தை மாடியில் வைத்தேன். மஞ்சள்தான் முதலில் போனது. ரசீதுகளில் எழுத்து ஒரே சீராகப் போகவில்லை. பயணச்சீட்டுகள் வெளுத்தபின்னும் ஏ.டி.எம். சீட்டின் எண்கள் பிடிவாதமாக நின்றன. தாளுக்குத் தாள் தரம் வேறுபடுவதால் இருக்கலாம். எல்லாம் போனபின் எஞ்சியது எனக்குப் பிடித்திருக்கிறது என்று தயக்கமில்லாமல் சொல்கிறேன். வெற்றுக் கட்டங்களுக்கு நடுவே தையல் மட்டும் நிற்கும்போது நெற்றியும் தாடையும் புலப்படுகின்றன. ஆனால் மூக்குப் பகுதியில் தையலே இல்லாததால் அங்கே முகம் சரிந்துவிடுகிறது. மற்றப் படங்களில் அந்த இடங்களைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் மாட்டுங்கா ஓவியரோடு உடன்படவில்லை. கோலத்தைக் கடன் வாங்க வேண்டாம் என்றீர்கள். ரசீதுகளை மீண்டும் போட முடியாது என்பது சரி; ஆனால் எனக்குப் புதிய ரசீதுகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன. இறக்கும்வரை மருந்துக்கடைக்குப் போகத்தான் போகிறேன். ஒரு முகம் வெளிறும்போது அடுத்ததைத் தொடங்குவது என்று இந்த வரிசையை முடிவில்லாமல் கொண்டுசெல்ல இடமிருக்கிறது. அப்போது கையின் பழக்கம் என்று நீங்கள் சொன்னது எனக்கும் பொருந்தும்.

வாங்குபவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரசீது எழுத்தும் மஞ்சளும் மறையும், அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன், மறைந்ததை மீண்டும் எழுதியும் தர மாட்டேன். தையல் பிரிந்தாலோ துணி தொய்ந்தாலோ ஒட்டு விட்டாலோ நான் உள்ளவரை இலவசமாகச் சரிசெய்து தருவேன் என்பது அதன் சாரம். விற்கும் நாளில் வண்ண அட்டையை அருகே வைத்து எடுத்த நிழற்படம் ஒன்றும் உடன் போகும். மூன்று கேட்டவர் இப்போது ஒன்று மட்டும் போதும் என்கிறார். அதுவும் அந்த மருந்துச் சீட்டுப் படத்தையே கேட்கிறார். காட்சிக்கூடத்தாருக்கு வருத்தம்தான்.

ராமபாணம் ஐயாவிடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. முடிந்த படங்கள் எல்லாவற்றிலும் மைதாப் பசை ஏற்கெனவே இருக்கிறது. பழைய பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். அதைக் கரைத்துப் பின்பக்கம் பூசிவிடலாமா?

ராமபாணம்

பூச வேண்டாம். துத்தம் பூச்சியைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ள தாமிரம் நாளடைவில் காகிதத்தையும் பருத்தி இழையையும் சிதைக்கும். ஈரமாகப் பூசினால் மஞ்சள் ஓடியும் போகும். முட்டை இருந்தால் அழிப்பதற்குக் குளிர்தான் சரியான வழி. படத்தைச் சட்டகத்திலிருந்து எடுத்து, இருபுறமும் அமிலமற்ற தாள் வைத்து, பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி நன்றாக ஒட்டி மூடுங்கள். பி.வி.சி. பை கூடாது. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி கழித்தல் 18 பாகை அளவுக்குத்தான் போகும் என்பதால் இரண்டு வாரமாவது வையுங்கள். கழித்தல் 30 பாகை வரை போகும் பெட்டி எங்காவது கிடைத்தால் சில நாள்களே போதும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரித்துவிடாதீர்கள். ஒரு முழு நாள் அறையிலேயே கிடந்து வெப்பம் சமமான பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த ரசீதின்மீது வேர்த்துவிடும். இனிச் செய்யும் படங்களுக்கு மைதாவை விட்டுவிட்டு மெத்தில் செல்லுலோஸ் பசைக்கு மாறுங்கள். பூச்சிக்கு அதில் ருசி இல்லை, தண்ணீரிலேயே பிரித்தெடுக்கவும் முடியும். ஃபெவிக்கால் மட்டும் வேண்டாம், ஒட்டியதைப் பிறகு எவராலும் பிரிக்க இயலாது.